45 வாட் பழசா, 45 வாட் புதுசா?

கேள்வி: எங்கள் ஹால் 12-க்கு 16 அடி. 86 டெசிபல், 6 ஓம் என்று போட்ட புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கிறது. கூடவே சாதாரண எம்எம் ஊசி போட்ட ரெக்கார்ட் பிளேயர், டிவி, போன். ஆம்ப்ளிஃபையருக்கு 50,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவர் பயனியர் எஸ்எக்ஸ்-780 ரிசீவரை 28,000-க்குத் தருகிறார். "ஃபுல் சர்வீஸ் ஆனது, இந்தச் சத்தம் புதுசில் வராது" என்கிறார். பின்பக்கத் தகட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. ஸ்டெப்-டவுனும் சேர்த்துத் தருவாராம். வாங்கலாமா, அல்லது புதிதாக டெனான், யமஹா என்று போகலாமா? ஸ்பீக்கருக்கு 15 அடி வயர் ஓட வேண்டும், அதற்கு என்ன வயர் போடுவது? சால்டரிங் எனக்குத் தெரியாது.
— வாசகர், திருச்சி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் முடிவைச் சொல்கிறது. சால்டரிங் தெரியாது, டிவியும் போனும் இணைய வேண்டும், வீட்டில் ஒரே ஒரு ஆம்ப்தான் இருக்கப் போகிறது. அப்படியானால் புதியதை வாங்குங்கள். பழையதை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. இந்தக் குறிப்பிட்ட பெட்டியை, இந்த விலைக்கு, இந்தத் தகட்டோடு வாங்குவதுதான் சரிவராது. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கணக்கு நாளைக்கு வேறொரு பழைய ஆம்ப் கண்ணில் படும்போதும் உதவும்.

முதலில் வாட். எஸ்எக்ஸ்-780 எழுபதுகளின் கடைசியில் வந்த ரிசீவர், அதாவது ரேடியோவும் சேர்ந்த ஆம்ப். 8 ஓமில் சேனலுக்கு 45 வாட். டெனான் பிஎம்ஏ-600என்இ 2019-இல் வந்தது. அதுவும் 8 ஓமில் 45 வாட். இரண்டு எண்ணும் நேர்மையானவை. அமெரிக்காவில் 1974-இல் வந்த விதிப்படி, இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் ஓடும்போது தொடர்ந்து தரக்கூடிய வாட்டைத்தான் விளம்பரத்தில் போட வேண்டும். அதனால் அந்தக் காலத்து அமெரிக்க மாடல்களின் எண்ணை நம்பலாம். நம் ஊரில் ஒரு காலத்தில் பெட்டி மேல் அச்சடித்த, கண நேர உச்சத்தை ஊதிக் காட்டும் பிஎம்பிஓ வாட்டோடு அதை ஒப்பிடவே வேண்டாம்.

உங்கள் ஹாலுக்கு 45 வாட் தாராளம். 86 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டுக்கும் தலா ஒரு வாட் போனால், ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் உங்கள் காதில் ஏறக்குறைய 83 டெசிபல் விழும். இதுவே வீட்டில் சத்தமாகக் கேட்பதற்குச் சமம். தவில் அடியிலும் டிரம்ஸிலும் திடீரென எழும் உச்சம் சராசரியைவிட 10 முதல் 15 டெசிபல் மேலே போகும். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு வாட் வேண்டும் என்பதால் 10 வாட்டிலிருந்து 30 வாட்டுக்குள் அந்த உச்சமும் அடங்கிவிடும். 45 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 1.2 டெசிபல்தான், அருகருகே வைத்து மாற்றி மாற்றிக் கேட்டால்தான் பிடிபடும். நாட் 3020 என்ற ஆம்ப் 1978-இல் வெறும் 20 வாட்டோடு வந்து இன்றுவரை பேசப்படுகிறது. ஆக, வாட்டை வைத்து இந்த இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

இனி அந்தத் தகடு. 120 வோல்ட் என்பதை எல்லோரும் கவனிப்பார்கள், ஸ்டெப்-டவுன் போட்டால் தீர்ந்தது என்பார்கள். 60 ஹெர்ட்ஸைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்குள் ஓடும் காந்தப் பாய்வு, வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்த அளவைப் பொறுத்தது. 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதே 120 வோல்ட்டைக் கொடுத்தால் 2.4. அதாவது 20 சதவீதம் கூடுதல் பாய்வு. தாராளமாக இரும்பு போட்ட டிரான்ஸ்ஃபார்மர் இதைத் தாங்கும். கணக்குப் பார்த்துச் செய்தது இரும்பு நிறைந்துபோய், பாட்டே ஓடாதபோதும் சூடாகும், ஊம் என்று உறுமும், வருடக்கணக்கில் ஓடினால் உள்ளே எனாமல் கருகும். டிரான்ஸ்ஃபார்மர் போன பழைய ரிசீவருக்கு அதே டிரான்ஸ்ஃபார்மர் கிடைப்பது, அதே மாடல் இன்னொன்றை உடைத்தால்தான்.

இதற்கு வழி இருக்கிறது. 230-லிருந்து 100 வோல்ட்டுக்கு இறக்கும் ஸ்டெப்-டவுன் போடுங்கள். 100-ஐ 50-ஆல் வகுத்தால் மறுபடியும் 2; டிரான்ஸ்ஃபார்மருக்கு அமெரிக்காவில் இருந்த அதே சுமைதான். உள்ளே மின்னழுத்தம் குறைவதால் 45 வாட், 31 வாட் ஆகும். இழப்பு 1.6 டெசிபல், உங்கள் ஹாலில் தெரியாது. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 110 வோல்ட் பெட்டி. அதில் 10 சதவீதம் கூடுதல் பாய்வு, பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும். 120 வோல்ட் தரும் பெட்டியை மட்டும் தவிருங்கள். விற்பவர் தரும் ஸ்டெப்-டவுனில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டே ரிசீவரைச் சொருக வேண்டும். ரிசீவரின் தகட்டில் எத்தனை வாட் என்று இருக்கிறதோ அதற்கு இருமடங்கு விஏ (வோல்ட்-ஆம்பியர், பெட்டி தாங்கும் சுமை) உள்ள பெட்டியாக இருக்கட்டும். பயணத்துக்கு விற்கும், கையில் தூக்கினால் எடையே இல்லாத கன்வெர்ட்டர்கள் ஹேர் டிரையருக்கானவை. ஆம்ப்பில் சொருகவே கூடாது.

ஜப்பான் உள்நாட்டு மாடல்கள் இந்த விஷயத்தில் பரவாயில்லை. அங்கே கிழக்கில் 50, மேற்கில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் இரண்டுக்கும் செய்திருப்பார்கள். 100 வோல்ட் மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் ரிசீவராக இருந்தால் எஃப்எம்மில் ஏமாறுவீர்கள். ஜப்பானிய டயல் 76-இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். சூரியன் எஃப்எம் 93.5-இல் இருக்கிறது. அமெரிக்க டயலில் எல்லா நிலையமும் வரும், 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் மங்கலாக. நிலையம் ஏற்றி அனுப்பும் டிரெபிளை ரிசீவர் திரும்ப இறக்கும் டி-எம்ஃபசிஸ் அவர்கள் எஃப்எம்மில் 75 மைக்ரோசெகண்ட், நம்முடையது 50. டிரெபிளை ஒரு புள்ளி ஏற்றினால் சரியாகிவிடும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்ததோ, வளைகுடாவிலிருந்து வந்த, பின்னால் 110/120/220/240 தேர்வு சுவிட்ச் வைத்ததோ என்றால் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. சுவிட்ச் 240-இல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 220-இல் வைத்து 240 வோல்ட் கொடுத்தால் உள்ளே எல்லாம் 9 சதவீதம் ஏறும். 45 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 49. அங்கே உட்கார்ந்திருப்பது 50 வோல்ட் கண்டென்சர்.

தகட்டைவிடப் பெரிய சிக்கல் உள்ளே. எஸ்எக்ஸ்-780-இன் பவர் பகுதியில் தனித்தனி டிரான்சிஸ்டர்கள் இல்லை. சான்யோ செய்த எஸ்டிகே-0050 மாட்யூல்கள். டிரான்சிஸ்டர்களையும் ரெசிஸ்டர்களையும் ஒரே தகட்டில் பதித்து மூடிய கறுப்புக் கட்டை அது. நல்ல மாட்யூல்தான், சத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சான்யோவின் அந்தப் பிரிவு 2011-இல் ஆன் செமிகண்டக்டருக்குப் போனது. இந்த மாட்யூல்கள் நின்று வெகு காலமாகிறது. ஸ்பீக்கர் வயர் ஒரு முறை ஷார்ட் ஆனால் ஒரு மாட்யூல் போய்விடும். அப்போது சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் புத்தம் புதிதாக எஸ்டிகே-0050 என்று அச்சிட்ட கட்டை கிடைக்கும். அதில் பெரும்பகுதி போலி: உள்ளே சின்ன சிப்பு, மெல்லிய தகடு. மெதுவாக வைத்தால் பாடும், வால்யூம் ஏற்றிய அன்று வெடிக்கும். பக்கத்து மாட்யூலோடு வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஆழமும் தகட்டின் கனமும் மாறியிருக்கும். அது ஒரு அடையாளமே தவிர உறுதி அல்ல. கைதேர்ந்த மெக்கானிக் டார்லிங்டன் டிரான்சிஸ்டர்களை வைத்து அதே கால்களுக்கு மாற்று போர்டு கட்டிவிடுவார். அப்படி ஒருவர் திருச்சியில் உங்களுக்குப் பழக்கமா என்பதுதான் கேள்வி.

அதனால் பழையதைத் தேடுகிறவர்களுக்கு என் முதல் சல்லடை இதுதான்: பவர் பகுதியில் தனி டிரான்சிஸ்டர் இருக்கிறதா, மாட்யூலா? தனி டிரான்சிஸ்டர் என்றால் மாற்று கிடைக்கும். 1980-களின் இந்திய ஆம்ப்கள் பலவற்றில் இருக்கும் 2என்3055 இன்றும் தயாராகிறது. சோனோடைன், காஸ்மிக் போன்ற நம் நாட்டுப் பெட்டிகளுக்கு ஸ்டெப்-டவுனும் வேண்டாம். இவற்றின் முகப்பு ஜப்பானியப் பெட்டிபோல் மினுங்காது, விலையும் அதனால்தான் குறைவு. நீல வெளிச்சத்தில் ஆடும் முள்ளுக்கு எத்தனை ஆயிரம் கொடுக்கலாம் என்பது உங்கள் விருப்பம். அந்த முள் சத்தத்தைக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

"ஃபுல் சர்வீஸ்" என்ற சொல்லைக் கேட்டதும் நான்கு கேள்வி கேளுங்கள். எந்தெந்தக் கண்டென்சர் மாற்றினீர்கள்? ரிலே (ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) மாற்றினீர்களா? பயஸ் (பாட்டு இல்லாதபோதும் பவர் பகுதியில் ஓடும் கரண்ட்), ஆஃப்செட் (ஸ்பீக்கர் முனையில் கசியும் டிசி) எத்தனை மில்லிவோல்ட்டில் வைத்தீர்கள்? கழற்றிய பாகங்களோ போட்டோவோ இருக்கிறதா? ஏர் அடித்து, வால்யூமில் ஸ்ப்ரே விட்டு, பல்பு மாற்றியதைத்தான் பலர் ஃபுல் சர்வீஸ் என்கிறார்கள். பதிலில் எண் எதுவும் வரவில்லை என்றால் சர்வீஸ் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மனசு கேட்காமல் நேரில் பார்க்கப் போவீர்கள். போங்கள், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு மல்டிமீட்டர், போனால் போகட்டும் என்ற நிலையில் இரண்டு மலிவு ஸ்பீக்கர், போனிலிருந்து ஆர்சிஏ வயர், டார்ச், 100 வாட் குண்டு பல்பு போட்ட சீரிஸ் லேம்ப் (மின்சாரம் பல்பு வழியாகவே ஆம்ப்புக்குப் போகும்படி கட்டியது) வேண்டும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. சீரிஸ் லேம்ப் இல்லையென்றால் எந்த எலெக்ட்ரீஷியனும் பத்து நிமிடத்தில் கட்டித் தருவார்.

சுவிட்ச் போடுவதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். மேல்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், பிளக் வெளியே இருக்கட்டும். கண்டென்சரின் தலை உப்பியிருக்கிறதா, அடியில் ஈரக்கறை இருக்கிறதா? ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றியிருக்கிறதா? அப்படி இருந்தால் மூடியை மூடிவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்துவிடுங்கள். பெரிய கண்டென்சர்களின் காலடியிலும் போர்டிலும் பழுப்பு நிறத்தில் காய்ந்த பசை தெரிந்தால் கவனம். அந்தக் காலத்து ஜப்பானிய போர்டுகளில் பாகங்கள் ஆடாமலிருக்கப் போட்ட பசை அது. முதலில் மஞ்சளாக இருந்து, வயதாகப் பழுப்பாகி, ஈரத்தை இழுத்து மின்சாரத்தைக் கசிய விடும். பக்கத்து ரெசிஸ்டர் கால்களையும் அரித்துவிடும். சுரண்டி எடுக்க வேண்டும், அரித்த கால்களை மாற்ற வேண்டும். அரை நாள் வேலை. பல்லி முட்டையும் எறும்பு மண்ணும் இருந்தால் அதுவே போர்டில் ஷார்ட்டுக்குக் காரணமாகலாம்.

பிறகு சீரிஸ் லேம்ப்பை ஸ்டெப்-டவுனுக்கு முன்னால், 230 வோல்ட் பக்கம் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட்; உடனே அணைத்துவிடுங்கள். பல்பு மங்கியும் ரிலே சத்தம் வரவில்லை என்றால் பயம் வேண்டாம், பல்பு வழியாக வரும் வோல்ட் அதற்குப் போதாமல் இருக்கலாம். பல்பை எடுத்துவிட்டு நேரடியாகப் போட்டால் சில நொடிகளில் டிக் என்று ரிலே சேர வேண்டும். அப்போதும் சேரவில்லை என்றால் அவுட்புட்டில் டிசி வருகிறது, அல்லது ரிலேவை இயக்கும் பகுதி செத்திருக்கிறது.

ரிலே சேர்ந்ததும் ஸ்பீக்கரை இணைக்கும் முன் அளக்க வேண்டியது டிசி ஆஃப்செட். மல்டிமீட்டரை டிசி 2 வோல்ட்டில் வைத்து, வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கி, ஒரே சேனலின் சிவப்பிலும் கறுப்பிலும் முனைகளை வையுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் நல்லது. நூறைத் தாண்டினால் வேலை இருக்கிறது. ஆன் செய்தவுடனும் அளங்கள், 20 நிமிடம் கழித்தும் அளங்கள். எண் நிலையில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் முன்பகுதி டிரான்சிஸ்டர் வயதாகிவிட்டது. அந்தக் காலத்து 2எஸ்ஏ726, 2எஸ்சி458 இரண்டும் இதற்குப் பேர்போனவை. கேஎஸ்ஏ992, கேஎஸ்சி1845 போட்டால் சரியாகும்.

அடுத்தது காது. மலிவு ஸ்பீக்கரைப் போட்டு, பாட்டு இல்லாமல், வால்யூம் பூஜ்யத்தில் காதை ஒட்டி வைத்துக் கேளுங்கள். அடித்தொண்டையில் உறுமல் கேட்டால் பெரிய ஃபில்டர் கண்டென்சர்கள் காய்ந்திருக்கின்றன. வால்யூமோடு சேர்ந்து ஏறும் உறுமல் வேறு; அது வயர் அல்லது எர்த் கோளாறு, சின்ன விஷயம். பிறகு மெதுவாகப் பாட வைத்து ஒவ்வொரு குமிழையும் சுவிட்சையும் ஆட்டிப் பாருங்கள். ஒரு சேனல் வராமல் இருந்து, வால்யூம் ஏற்றியதும் பட்டென்று வந்து, இறக்கினாலும் நின்றால், ரிலே முனை கறுத்திருக்கிறது. சுரண்டித் துடைத்தால் சில மாதம் தாங்கும், புதிய ரிலே போடுவதே முறை. வால்யூமைத் திருப்பும்போது வரும் கரகரப்பு அழுக்காக இருந்தால் கான்டாக்ட் கிளீனரில் போய்விடும். கிளீனர் விட்ட மறுநாளே திரும்பி வந்தால் அது அழுக்கல்ல. முன்னால் இருக்கும் கப்ளிங் கண்டென்சர் கசிந்து வால்யூமுக்கு டிசி வருகிறது. கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை எவரும் வால்யூமுக்குள் அடிக்க விடாதீர்கள்.

ஒரு மணி நேரம் ஓடட்டும். ஹீட்சிங்க்கில் உள்ளங்கையை ஐந்து நொடி வைக்க முடியாத சூடு கூடாது; ஒரு பக்கம் வெதுவெதுப்பு, இன்னொரு பக்கம் கொதிப்பு என்றும் இருக்கக் கூடாது. பயஸ் வைக்கும் சின்னத் திருகு கெட்டு, அதன் நடுமுனை விட்டுப்போனால் பெரும்பாலான டிசைன்களில் கரண்ட் ஏறிக்கொண்டே போய்ப் பவர் பகுதி கருகும். இருபது ரூபாய்ப் பொருள், காவு வாங்குவது மாட்யூலை. டிரான்ஸ்ஃபார்மர் மேலும் கை வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் கதை அங்கேதான் தெரியும்.

எல்லாம் தேறினாலும் 45 வருடப் பெட்டிக்கு ஒரு அடிப்படைச் சர்வீஸ் உண்டு: ஃபில்டர் கண்டென்சர், பவர் சப்ளை போர்டின் கண்டென்சர்கள், ரிலே, பயஸ் திருகு, சிக்னல் பாதையின் எலக்ட்ரோலிட்டிக்குகள், ஹீட்சிங்க் பேஸ்ட். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது மேலான வோல்ட், 105 டிகிரி வகை. 10,000 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 22,000 போட்டால் பாஸ் கூடும் என்பார்கள். கூடுவது ஆன் செய்யும்போது பாயும் கரண்ட். அதைத் தாங்க வேண்டியது பழைய ரெக்டிஃபையரும் சுவிட்சும். செராமிக், ஃபிலிம் கண்டென்சர்களைத் தொட வேண்டாம், அவை உங்களைவிட நீண்ட ஆயுள் கொண்டவை. பாகங்களை எலிமென்ட்14, மவுசர், டிஜிகீ போன்ற நேரடி விநியோகஸ்தரிடம் வாங்கச் சொல்லுங்கள். தெருக்கடையில் கண்டென்சரிலும் போலி உண்டு.

டிவியையும் போனையும் இணைப்பது இன்னொரு செலவு. பழைய ரிசீவரில் ஆப்டிகல் இல்லை, புளூடூத் இல்லை, ரிமோட் இல்லை. டிஜிட்டல் சிக்னலை அனலாக்காக மாற்றித் தரும் ஒரு டேக் பெட்டி வாங்க வேண்டும். அது தருவது 2 வோல்ட். பழைய ஆக்ஸ் இன்புட்டுக்கு 150 மில்லிவோல்ட்டே முழுச் சத்தத்துக்குப் போதும். அதனால் குமிழை ஒரு நூலிழை திருப்பியதுமே வீடு அதிரும், அந்த ஆரம்ப இடத்தில் இடது வலது சமமாகவும் இருக்காது. டேக்கில் வால்யூமைக் குறைத்து வைக்கலாம். இல்லையென்றால் வயரிலேயே ஒவ்வொரு சேனலுக்கும் 10 கிலோ ஓம் தொடராகவும், அதற்குப் பின் 4.7 கிலோ ஓம் கிரவுண்டுக்கும் போட்டால் 10 டெசிபல் இறங்கும்.

புதியதற்கு வருவோம். உங்கள் தேவைக்கு நேராகப் பொருந்துவது பிஎம்ஏ-600என்இ: எம்எம் போனோ (உங்கள் ரெக்கார்ட் பிளேயரை நேராகச் சொருகும் இன்புட்), ஆப்டிகல், புளூடூத், ரிமோட் நான்கும் அதிலேயே இருக்கின்றன. யமஹா ஏ-எஸ்301-இல் 60 வாட், எம்எம் போனோ, ஆப்டிகல். புளூடூத் இல்லை, போனை டிவி வழியாகவோ தனி ரிசீவர் வழியாகவோ கொண்டுவர வேண்டும். ஆனால் அதில் ஒரு குமிழ் இருக்கிறது, அது உங்கள் விற்பனையாளரின் "புதுசில் வராத சத்தம்" என்ற பேச்சுக்கே பதில். மெதுவாகக் கேட்கும்போது மனிதக் காது பாஸைக் குறைத்துக் கேட்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து சொன்னது. பழைய ரிசீவர்களில் லவுட்னஸ் பட்டன் இதை ஈடுகட்டும். அதை அழுத்தி வைத்தே பலரும் கேட்டார்கள், அந்த நிறைவைத்தான் பழைய ஆம்ப்பின் இதம் என்கிறார்கள். பல புதிய ஆம்ப்களில் அந்தப் பட்டன் இல்லை. யமஹாவில் பட்டனாக இல்லாமல் குமிழாகவே இருக்கிறது. முதலில் வால்யூமை நீங்கள் கேட்கும் அதிகபட்சத்தில் வையுங்கள், அதன் பிறகு லவுட்னஸ் குமிழைத் திருப்பிச் சத்தத்தை இறக்குங்கள். பாஸ் தானாகத் தங்கும். இரவு ஒன்பதுக்கு மேல் மெதுவாகக் கேட்கிறவர் என்றால் நான் புளூடூத்தை விட்டுவிட்டு இதைத்தான் எடுப்பேன்.

புதியதிலும் பள்ளங்கள் உண்டு. இந்திய பில், இறக்குமதியாளர் பெயர் போட்ட எம்ஆர்பி ஸ்டிக்கர் இரண்டும் இல்லாத பெட்டிக்கு வாரன்டி கிடையாது. அது 120 வோல்ட் பெட்டியாகவே இருக்கவும் கூடும். உள்ளங்கை அளவுச் சின்ன கிளாஸ்-டி பெட்டிகளில் "300 வாட் + 300 வாட்" என்று இருக்கும். கூட வரும் அடாப்டரில் 48 வோல்ட், 5 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பெருக்கினால் மொத்தமே 240. உங்கள் ஹாலுக்கு அவை போதும், மோசமும் இல்லை. போனோ மட்டும் தனியாக வாங்க வேண்டும். வைஃபை, ஆப் எல்லாம் உள்ளேயே கட்டிய ஆம்ப்பை நான் பரிந்துரைப்பதில்லை. ஆம்ப் 20 வருடம் உழைக்கும், ஆப்புக்கு அப்டேட் அத்தனை காலம் வராது. ஸ்ட்ரீமிங் வேண்டுமென்றால் அதைத் தனிப் பெட்டியாக வைத்துக்கொண்டால் பழையது ஆனதும் அதை மட்டும் மாற்றலாம். டிவியில் ஆப்டிகல் அவுட்டை பிசிஎம் (சாதாரண ஸ்டீரியோ டிஜிட்டல்) என்று மாற்றி வையுங்கள். மாற்றாவிட்டால் சில நிகழ்ச்சிகளில் சத்தமே வராது. எதை வாங்கினாலும் கண்ணாடிக் கதவு ஷோகேஸுக்குள் அடைக்காதீர்கள், மேலே நான்கு அங்குலமாவது காலி இருக்கட்டும். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

விற்பவர் பழக்கமானவர், மறுக்கச் சங்கடம் என்றால் ஒரு கணக்கு. 28,000-உடன் சர்வீஸ் எட்டு முதல் பத்தாயிரம், டேக் பெட்டி நான்காயிரம், 100 வோல்ட் ஸ்டெப்-டவுன் தனி. என் கணிப்பில் 42,000-ஐத் தாண்டும், வாரன்டி இல்லாமல், மாற்று மாட்யூல் இல்லாமல். மேலே சொன்ன சோதனை எல்லாம் தேறினால் 14,000, 15,000 வரை கேட்டுப் பாருங்கள். அதற்கு மேல் அந்தப் பெட்டி உங்களுக்கு அல்ல, கையில் சால்டரிங் அயர்ன் வைத்திருக்கும் வேறொருவருக்கு.

ஸ்பீக்கர் வயர்: எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஃபிளெக்சிபிள் வயர் போதும். 15 அடிக்குப் போகவர மொத்தம் 0.1 ஓம்தான் வரும், 6 ஓம் ஸ்பீக்கருக்கு முன் அது ஒன்றுமில்லை. இரண்டு நிறத்தில் வாங்கி, இரண்டு பக்கமும் ஒரே நீளமாக வெட்டுங்கள். முனையில் பிரிந்த இழை ஒன்றுகூடப் பக்கத்து டெர்மினலைத் தொடாமல் முறுக்கிச் சொருகுங்கள். ஆம்ப் ஆஃபில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.